ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் சிஸ்டம் டிஸ்கை மிரர் செய்யும்போது சிக்கிக்கொண்டால்: அறிகுறி வாரியாக

ஒற்றை டிஸ்கில் ஓடும் லினக்ஸ் சர்வர், மேலே ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இரண்டாவது டிஸ்க் போட்டு ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டா இருக்கும் மிரர், ஆக்க வேண்டும். பாதை பலருக்கும் தெரிந்ததுதான். புது டிஸ்கில் பழையதைப் போலவே பார்ட்டிஷன் போடுகிறோம். பழைய டிஸ்கின் இடத்தில் 'மிஸ்ஸிங்' என்று சொல்லி, லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஆடமில் பாதி மிரரை உருவாக்குகிறோம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கில் எல்லாவற்றையும் அதற்கு நகலெடுத்து, எஃப்எஸ்டேப் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்), இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் ஃபைல்சிஸ்டம் மவுண்ட் ஆகும் முன் கர்னல் ஓட்டும் சின்ன சிஸ்டம்), க்ரப் (பூட்லோடர்) மூன்றையும் திருத்தி ரீபூட் செய்கிறோம். கடைசியில்தான் பழைய டிஸ்கை மிரருக்குள் சேர்ப்பது. கமாண்டுகளின் ஆப்ஷன்களை மேன் பேஜில் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே சொல்லப்போவது எங்கே, ஏன் உடைகிறது என்பதை.

நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. நாம் மிரருக்கு மாறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், மெஷின் இன்னும் பழைய டிஸ்கில்தான் நின்றுகொண்டிருக்கும். அதனால் எந்த அறிகுறி என்றாலும், எதையும் தட்டுவதற்கு முன் ஃபைண்ட்மவுண்ட் கொடுத்து ரூட் எதிலிருந்து மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் கர்னலுக்கு என்ன கமாண்ட் லைன் போனது என்று கர்னலின் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவில் பாருங்கள். இரண்டுமே மிரரைக் காட்டினால்தான் அடுத்த அடி. தொலைவிலிருந்து செய்கிறீர்கள் என்றால் ஐபிஎம்ஐ மாதிரி, சர்வர் எழாவிட்டாலும் திரையைக் காட்டும் ஒரு கன்சோல் கையில் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

ரீபூட் ஆகிவிட்டது, எல்லாம் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் ரூட் இன்னும் பழைய டிஸ்கில்

பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் அரே (மிரராகச் சேர்ந்த டிஸ்குகளின் தொகுப்பு) 'ஆக்டிவ்' என்று காட்டும், அதைப் பார்த்துவிட்டு மாறியாயிற்று என்று நினைத்துவிடுவோம். அரே ஆக்டிவ் என்றால் கர்னல் அதைச் சேர்த்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான், அதை யாரும் பயன்படுத்துகிறார்கள் என்று அர்த்தமில்லை.

காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று. பயாஸ் பழைய டிஸ்கிலிருந்தே பூட் செய்திருக்கும், அதிலுள்ள க்ரப் தன் பழைய கான்ஃபிக்கைப் படித்திருக்கும். அல்லது புது க்ரப் கான்ஃபிக்கிலேயே ரூட்டுக்குப் பழைய யூயுஐடி (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்) இருக்கும், ஏனென்றால் சிரூட் செய்யாமல், அதாவது மிரரையே ரூட்டாக வைத்து உள்ளே போகாமல், வெளியே நின்றுகொண்டே கான்ஃபிக்கை உருவாக்கியிருப்போம். அல்லது ரூட் மட்டும் மாறியிருக்கும், வார், ஹோம் போன்ற தனி பார்ட்டிஷன்கள் திருத்தாத எஃப்எஸ்டேப்பின்படி பழைய டிஸ்கிலிருந்தே மவுண்ட் ஆகியிருக்கும். நான்காவது, ஆர்சிங்க்குக்குப் பதில் டிடி வைத்து பிளாக் பிளாக்காக அப்படியே நகலெடுத்தது: இரண்டு ஃபைல்சிஸ்டத்துக்கும் ஒரே யூயுஐடி, பூட் நேரத்தில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுதான் ரூட்.

இந்த நிலையில் பழைய டிஸ்கை மிரரில் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நகலெடுத்த பிறகு வந்த மெயில், டேட்டாபேஸ் பதிவுகள், லாக் எல்லாம் பழைய டிஸ்கில்தான் இருக்கின்றன, அதன்மேல் மிரரிலுள்ள நேற்றைய நகல் எழுதப்படும். ஒருமுறை நான் இந்த விளிம்பு வரை போய்விட்டேன். சேர்க்கும் கமாண்டைக் கொடுத்ததும் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று வந்தது, எரிச்சலோடு ஏன் பிஸி என்று தேடப்போனபோதுதான் வார் பார்ட்டிஷன் இன்னும் அங்கேயே மவுண்ட் ஆகியிருப்பது தெரிந்தது. அன்றைக்கு வந்த ஆர்டர்கள் முழுக்க அதில் இருந்தன.

சரி செய்ய: பழைய டிஸ்கைத் தொடாதீர்கள். சர்வீஸ்களை நிறுத்திவிட்டு, மிரரை ஓரிடத்தில் மவுண்ட் செய்து, ஆர்சிங்க்கை மறுபடி ஓட்டி இடைவெளியை நிரப்புங்கள். இதில் ஒரு குழி இருக்கிறது. இரண்டாவது ஆர்சிங்க் மிரரில் நீங்கள் திருத்தி வைத்த எஃப்எஸ்டேப், எம்டிஆடம் கான்ஃபிக், பூட் அடைவு எல்லாவற்றையும் பழைய பதிப்பால் மூடிவிடும். அவற்றை விலக்கச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள், அல்லது ஓட்டி முடித்ததும் மறுபடி திருத்துங்கள். பிறகு மிரருக்குள் சிரூட் செய்து இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் க்ரப் கான்ஃபிக்கையும் உருவாக்கி, புது டிஸ்கில் மட்டும் க்ரப்பை நிறுவி, பூட் மெனுவில் புது டிஸ்கைத் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். பழைய டிஸ்கின் பூட்லோடரை இந்தக் கட்டத்தில் மாற்றக் கூடாது என்பது என் கட்சி, ஏதாவது தவறினால் திரும்பிப் போக இருக்கும் ஒரே கதவு அது.

பழைய டிஸ்கைச் சேர்க்கும்போது 'பிஸி' என்கிறது

மேலே சொன்னதால் புரிந்திருக்கும், இது தடை இல்லை, காவல். கட்டாயப்படுத்தும் ஆப்ஷனைத் தேடாமல் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். எல்எஸ்பிஎல்கே கொடுத்தால் அந்தப் பார்ட்டிஷனுக்கு அடியில் என்ன தொங்குகிறது என்று மரமாகவே காட்டும். மவுண்ட் இல்லையென்றால் ஸ்வாப்பாக இருக்கும், ஸ்வாப் இல்லையென்றால் எல்விஎம் (டிஸ்குகளைச் சேர்த்துப் பங்கிடும் அடுக்கு) ஃபிசிக்கல் வால்யூம். அதுவும் இல்லையென்றால் அந்த டிஸ்க் எப்போதோ வேறொரு ரெய்டில் இருந்திருக்கும், அந்தப் பழைய சூப்பர்பிளாக்கை (டிஸ்கில் எழுதியிருக்கும் ரெய்டு அடையாளம்) பார்த்து கர்னல் எம்டி127 என்று ஒரு அரைகுறை அரேயாக எழுப்பி வைத்திருக்கும். அந்த அரேயை நிறுத்தி, சூப்பர்பிளாக்கைத் துடைத்துவிட்டுச் சேர்க்கலாம். துடைப்பதற்கு முன் டிஸ்கின் சீரியல் நம்பரைப் பார்த்து உறுதி செய்யுங்கள், எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் இடம் மாறக்கூடியவை.

பார்ட்டிஷன் டேபிளை மாற்றிய பிறகும் பழைய அளவுதான் தெரிகிறதா? டிஸ்கில் ஏதோ ஒரு பார்ட்டிஷன் பயன்பாட்டில் இருப்பதால் கர்னல் புது டேபிளைப் படிக்க மறுக்கிறது. எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு பார்ட்ப்ரோப் ஓட்டுங்கள்.

'போதிய அளவு இல்லை, அரேயில் சேர முடியாது'

மிரரைப் புது டிஸ்கில் உருவாக்கினோம், பழைய டிஸ்க் சில மெகாபைட் சிறியது. ஒரே கொள்ளளவு எழுதியிருந்தாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு செக்டர் எண்ணிக்கை கொஞ்சம் வேறுபடும். முன்கூட்டியே யோசித்தால் தீர்வு எளிது: மிரருக்கான பார்ட்டிஷனை டிஸ்கின் கடைசி வரை இழுக்காமல் 100 மெகாபைட் விட்டுவிடுங்கள், நாளைக்கு மாற்று டிஸ்க் வாங்கும்போதும் இது காப்பாற்றும். ஏற்கெனவே உருவாக்கியாயிற்று என்றால் முதலில் ஃபைல்சிஸ்டத்தைச் சுருக்கி, அப்புறம் அரேயின் அளவைக் குறைக்க வேண்டும், வரிசை மாறினால் டேட்டா போய்விடும். ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் நம்பிச் சுருக்க வழியில்லை, மிரரைக் கலைத்து மறுபடி நகலெடுப்பதுதான் நேர்மையான வழி.

கருப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ'

க்ரப்பின் முதல் பகுதி ஏறிவிட்டது, தன் மற்ற கோப்புகள் எங்கே என்று தெரியவில்லை. அந்தத் திரையிலேயே டிஸ்குகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். எம்டி என்ற பெயரில் ஏதாவது தெரிந்தால் ப்ரீஃபிக்ஸை (க்ரப் தன் கோப்புகளைத் தேடும் பாதை) அங்கே திருப்பி, நார்மல் மாட்யூலை ஏற்றினால் மெனு வரும், உள்ளே போய் க்ரப்பை முறையாக நிறுவலாம். வெறும் டிஸ்குகள் மட்டும் தெரிந்தால் க்ரப் ரெய்டைப் படிக்கவே கற்கவில்லை, அதாவது மிரர் மவுண்ட் ஆகாத சூழலிலிருந்து நிறுவியிருக்கிறீர்கள். லைவ் யூஎஸ்பியில் ஏற்றி, அரேயைச் சேர்த்து, சிரூட் செய்து மறுபடி நிறுவ வேண்டும்.

நிறுவும்போதே முரண்டு பிடித்தால் இரண்டு காரணம். ஜிபிடி (புது வகைப் பார்ட்டிஷன் டேபிள்) டிஸ்கை பழைய பயாஸ் முறையில் பூட் செய்கிறீர்கள், ஆனால் பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை. 1 மெகாபைட் போதும், ஆனால் அது இருந்தே ஆக வேண்டும். இன்னொன்று எம்பிஆர் (பழைய வகை டேபிள்) டிஸ்கில் முதல் பார்ட்டிஷன் 63ஆவது செக்டரில் தொடங்குவது. அதற்கு முன்னால் இருப்பது சுமார் 31 கிலோபைட் இடம், ரெய்டு, எல்விஎம் மாட்யூல்கள் சேர்ந்த க்ரப் அதற்குள் அடங்காது. இப்போதைய கருவிகள் 2048இல் தொடங்குகின்றன, பழைய டிஸ்கின் டேபிளைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுத்தால் பழைய வம்பும் கூடவே வரும். ஜிபிடி டேபிளை நகலெடுத்தால் அடையாள எண்களைப் புதிதாக மாற்றவும் மறக்காதீர்கள், இல்லையென்றால் இரண்டு டிஸ்கும் ஒரே அடையாளத்தோடு நிற்கும்.

பயாஸுக்குப் பதில் யூஈஎஃப்ஐ உள்ள மெஷின் என்றால் கதை வேறு. ஃபர்ம்வேருக்கு எம்டி ரெய்டு தெரியாது, அதற்கு ஃபேட் பார்ட்டிஷன் ஒன்று கண்ணில் பட்டால் போதும். சூப்பர்பிளாக்கைக் கடைசியில் வைக்கும் 1.0 மெட்டாடேட்டாவில் ஈஎஸ்பியையும் (அந்த ஃபேட் பார்ட்டிஷனின் பெயர்) மிரர் செய்பவர்கள் இருக்கிறார்கள், வேலை செய்யும். ஆனால் ஃபர்ம்வேர் ஒரு பக்கத்தில் மட்டும் எதையாவது எழுதினால் இரண்டும் சத்தமில்லாமல் விலகிவிடும். நான் இரண்டு டிஸ்கிலும் தனித்தனி ஈஎஸ்பி வைத்து, க்ரப் அப்டேட் ஆகும்போதெல்லாம் ஒன்றிலிருந்து மற்றதுக்கு நகலெடுக்க விடுகிறேன், பூட் பட்டியலிலும் இரண்டுக்கும் தனித்தனி பதிவு.

க்ரப் ஏறியது, ஆனால் 'ரூட் டிவைஸ் இல்லை' என்று ஒரு சின்ன ஷெல்லில் விழுகிறது

இனிட்ராம்எஃப்எஸ் அரேயைச் சேர்க்கவில்லை. பதற வேண்டாம், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஷெல்லிலேயே எம்டிஆடமிடம் எல்லா அரேயையும் தேடிச் சேர்க்கச் சொல்லுங்கள். அரே எழுந்துவிட்டால் வெளியேறுங்கள், பூட் தொடரும். எழுந்தும் 'இன்ஆக்டிவ்' என்று நின்றால் ஒரு டிஸ்க் குறைவதால் தயங்குகிறது, ரன் ஆப்ஷனைக் கொடுத்து ஓடச் சொல்ல வேண்டும். உள்ளே வந்ததும் அரேயின் விவரத்தை எம்டிஆடம் கான்ஃபிக்கில் எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள். இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்க ட்ராகட் பயன்படுத்தும் டிஸ்ட்ரோ என்றால் கர்னல் கமாண்ட் லைனில் அரேயின் யூயுஐடியையும் குறிப்பிட வேண்டியிருக்கலாம்.

எம்டி0 என்று உருவாக்கியது எம்டி127 என்று எழுந்தாலும் இதே கதைதான், இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் கான்ஃபிக் பழையது. எஃப்எஸ்டேப்பில் யூயுஐடி எழுதியிருந்தால் இதனால் கெடுதல் இல்லை.

மாறிவிட்டோம், ஆனால் சில்லறைச் சில்லறையாக ஏதோ சரியில்லை

ரூட் யூசருக்கு பிங் போகிறது, மற்றவர்களுக்குப் போகவில்லை. எஸ்இலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) உள்ள மெஷினில் லாகின் மறுக்கப்படுகிறது. ஏதோ ஒரு சர்வீஸ் குறைந்த போர்ட்டில் அமர முடியாமல் விழுகிறது. இவை எல்லாமே ஆர்சிங்க்கில் விட்டுப்போன ஆப்ஷன் எழுத்துகள். எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் நகலாகவில்லை என்றால் ஒரு நிரலுக்குக் கொடுத்திருந்த தனி அனுமதிகள் போய்விடும். ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), ஹார்ட் லிங்க் இரண்டுக்கும் தனித்தனி ஆப்ஷன்கள் உண்டு, அவற்றையும் சேர்க்க வேண்டும். எஸ்இலினக்ஸுக்கு அடுத்த பூட்டில் முழு ரீலேபல்.

புது ஃபைல்சிஸ்டம் எதிர்பார்த்ததைவிட நிரம்பியிருந்தால் ஸ்பார்ஸ் (நடுவே வெற்றிடம் உள்ள) கோப்புகள் விரிந்திருக்கின்றன. லாஸ்ட்லாக் கோப்பையும் விர்ச்சுவல் மெஷின் இமேஜ்களையும் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை நகலெடுத்துவிட்டு அது எழவில்லை என்று வருத்தப்படுவதிலும் பயனில்லை: முதல் சுற்று ஆர்சிங்க்கை ஓட்டத்திலேயே செய்யலாம், கடைசிச் சுற்றின்போது டேட்டாபேஸ் நின்றிருக்க வேண்டும். முதல் சுற்று நன்றாக முடிந்திருந்தால் இந்த நிறுத்தம் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான்.

ரூட் எல்விஎம் மேல் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதி மிரரை ஃபிசிக்கல் வால்யூமாக்கி, வால்யூம் குரூப்பில் சேர்த்து, பிவிமூவ் ஓட்டினால் எல்லாம் ஓட்டத்திலேயே நகரும், நடுவில் அறுந்தாலும் மறுபடி பிவிமூவ் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இனிட்ராம்எஃப்எஸ், க்ரப் வேலை மட்டும் அப்போதும் உண்டு.

ரிகவரி நகரவே இல்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது

பழைய டிஸ்கைச் சேர்த்தாயிற்று. எம்டிஸ்டாட்டில் ஒரு யூவும் (சரியாக ஓடும் டிஸ்க்) ஒரு அடிக்கோடும் (இன்னும் முழுதாகச் சேராதது), கீழே ஊர்ந்துகொண்டிருக்கும் அம்புக்குறி, சதவீதம், இன்னும் எத்தனை நிமிடம், என்ன வேகம். அந்த வேகத்தைப் பாருங்கள். சர்வரில் வேலை நடக்கும்போது கர்னல் ரிகவரியை ஒதுங்கச் சொல்லும், குறைந்தபட்சமாக அது உறுதி தருவது நொடிக்கு 1000 கிலோபைட், உச்சவரம்பு 200000. 1 டெராபைட் டிஸ்க் அந்தக் குறைந்தபட்சத்திலேயே ஓடினால் 11 நாளைத் தாண்டும், நொடிக்கு 100 மெகாபைட் கிடைத்தால் 3 மணி நேரத்துக்குள் முடியும். குறைந்தபட்ச வேகத்தை ராத்திரியில் உயர்த்தி, காலையில் ஆட்கள் வருவதற்கு முன் இறக்கிவிடுங்கள். நடுவே ரீபூட் செய்ய நேர்ந்தாலும் பயமில்லை.

பாதியில் நின்று, டிஸ்க் பெயருக்குப் பக்கத்தில் எஸ் எழுத்தோடு ஸ்பேராக உட்கார்ந்திருந்தால், கர்னல் லாகில் எந்த டிஸ்கில் பிழை என்று பாருங்கள். ரிகவரியில் படிக்கப்படுவது புது டிஸ்க், எழுதப்படுவது பழையது. படிப்பதில் பிழை என்றால் புதிதாக வாங்கியதே கெட்டது, உங்கள் டேட்டா இப்போது அதில்தான் இருக்கிறது. உடனே பேக்கப் எடுங்கள், மூன்றாவது டிஸ்க் ஒன்றுக்கு டிடிரெஸ்க்யூ மூலம் மாற்றுங்கள், திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்த்து அதை அலைக்கழிக்காதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் எஃப் எழுத்து என்றால் எழுதும்போது பழையது விழுந்துவிட்டது, அதை மாற்றினால் போதும். இதனால்தான் ஆரம்பிக்கும் முன்பே இரண்டு டிஸ்குக்கும், டிஸ்கின் சுயபரிசோதனை வசதியான ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட்டச் சொல்கிறேன்: 197ஆவது எண், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்கை நம்பி எதையும் தொடங்காதீர்கள்.

எல்லாம் முடிந்தது, ஆனால் சில நாளுக்கு ஒருமுறை ஒரு டிஸ்க் கழன்றுகொள்கிறது

ஸ்மார்ட்டில் 199ஆவது எண், அதாவது டிஸ்குக்கும் மெஷினுக்கும் இடையே வரும் டேட்டா பிழைகள், ஏறிக்கொண்டே போனால் கேபிள் அல்லது பேக்பிளேன், டிஸ்கைத் திட்டாதீர்கள். அந்த எண் ஒருபோதும் இறங்காது, கேபிள் மாற்றிய பிறகு ஏறாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அது அசையவில்லை என்றால் டெஸ்க்டாப் டிஸ்க் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்றால் அது நிமிடக்கணக்கில் மல்லாடும், கர்னலோ இயல்பாக 30 நொடிதான் காத்திருக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்கையே ரீசெட் செய்யப் பார்க்கும். டிஸ்க் ஏற்றுக்கொண்டால் எஸ்சிடி ஈஆர்சியை (பிழையோடு டிஸ்க் மல்லாடும் நேரத்துக்கான வரம்பு) 7 நொடிக்கு வையுங்கள், மறுத்தால் கர்னலின் காத்திருப்பை 180 நொடிக்கு உயர்த்துங்கள். ஒவ்வொரு பூட்டிலும் இதைத் திரும்ப வைக்க வேண்டும் என்பதால் ஸ்கிரிப்ட்டில் போட்டுவிடுங்கள்.

ஒரு டிஸ்கை எடுத்துச் சோதித்தேன், எமர்ஜென்சி மோடுக்குப் போய்விட்டது

சோதித்ததே நல்ல காரியம், பலர் செய்வதில்லை. பெரும்பாலும் எஃப்எஸ்டேப்பில் எடுத்த டிஸ்கின் ஈஎஸ்பி இருக்கும். பூட்டை நடத்தும் சிஸ்டம்டி அதற்காக 90 நொடி காத்திருந்துவிட்டு ஒதுங்கிவிடும். ஈஎஸ்பி வரியில் நோஃபெயில் (இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற ஆப்ஷன்) சேர்த்துவிடுங்கள். ஸ்வாப்பை மிரருக்குள் கொண்டுவாருங்கள், ஓட்டத்தில் ஸ்வாப் டிஸ்க் செத்தால் அதில் பக்கங்கள் வைத்திருந்த புராசஸ்களும் கூடவே சாகும், அப்புறம் ரூட்டை மிரர் செய்து என்ன பயன்.

சோதனையில் இன்னொரு பொறி. முதல் டிஸ்கை எடுத்துவிட்டுப் பூட் செய்தீர்கள், சரி. உடனே அதைத் திரும்ப மாட்டி மற்றதை எடுத்துவிட்டுப் பூட் செய்யாதீர்கள். இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டு இரண்டு வரலாறாகிவிடும், அடுத்து சேர்ந்து ஏறும்போது கர்னல் ஒன்றை 'நான்-ஃப்ரெஷ்' என்று உதைத்துவிடும், எதில் சரியான டேட்டா என்று நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் எடுத்ததைச் சேர்த்து, இரண்டு யூவும் தெரியும் வரை பொறுங்கள். ரைட்-இன்டென்ட் பிட்மேப் (எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு) இருந்தால் முழுதாக எழுதாமல் மாறியதை மட்டும் எழுதும், அது பெரும்பாலும் சில நொடியில் முடிந்துவிடும்.

டிஸ்கைக் கழற்றும்போது, டிஸ்க் உட்கார்ந்திருக்கும் இழுப்புத் தட்டின் முகப்பில் சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, விளக்கு மின்னும் இரண்டு ஒரே மாதிரி பெட்டிகளுக்கு முன் நின்று, எது எது என்று யோசித்திருக்கிறேன். அன்றைக்கு உயிரோடு இருந்ததைத்தான் இழுத்தேன். அந்தக் கணத்தில் திரையில் வரிசையாக வந்த ஐ/ஓ எரர்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

மிரர் உடைந்து மாதக்கணக்காயிற்று, யாருக்கும் தெரியவில்லை

எம்டிஆடம் மானிட்டர் ஓடுகிறதா, கான்ஃபிக்கில் மெயில் முகவரி இருக்கிறதா, அந்த மெஷினிலிருந்து மெயில் உண்மையிலேயே வெளியே போகிறதா என்று மூன்றையும் பாருங்கள். மானிட்டரை டெஸ்ட், ஒன்ஷாட் ஆப்ஷன்களோடு ஒருமுறை ஓட்டினால் ஒவ்வொரு அரேக்கும் ஒரு சோதனை மெயில் அனுப்பும். அது இன்பாக்ஸில் வந்து விழும் வரை டிக்கெட்டை மூடாதீர்கள்.